ஈரம் இருக்கு, பயிர் ஏன் வாடுது?

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்றைக்கு ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் கரிசல் பூமி. தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் போனால் செக்கச் சிவந்த மணல், தேரிக்காடு. மாவட்டம் ஒன்று, நம்பியிருக்கிற பருவமழையும் ஒன்று. மண் மட்டும்தான் வேறே.

கரிசலில் ஒரு சோளக்காடு. மழை விட்டு ரொம்ப நாளாச்சு. பயிர் பகலில் சுருண்டு, ராத்திரியும் தெளியாமல், தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இனி பிழைக்காது. அன்றைக்கு அந்த வேர் மண்ணை எடுத்து நிறுத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். நூறு கிலோ காய்ந்த மண்ணுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர் இருந்திருக்கும்.

இப்போது தேரி மணலுக்கு வாருங்கள். நல்ல மழை பெய்து இரண்டு நாள் ஆகிறது. பயிர் தளதளவென்று நிற்கிறது. அந்த மணலையும் அதே மாதிரி நிறுத்துப் பார்த்தால் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ தண்ணீர்கூடத் தேறாது.

கவனித்தீர்களா? செத்துப்போகிற பயிரின் காலடியில் தண்ணீர் கூடுதல். செழித்து நிற்கிற பயிரின் காலடியில் தண்ணீர் குறைச்சல். இது என்னங்க நியாயம்?

இந்த நியாயத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் பிடித்தது. நடுவில் ஒரு பெரிய தப்புக் கணக்கும் போட்டார்கள். அந்தத் தப்புக்கு லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் விலை கொடுத்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கதை நடந்தது பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும். ஆனால் அதில் நம்ம பீகார் மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கடைசியில் அது நம்ம மானாவாரிக் காட்டுக்கே வந்து சேரும்.

வாடுகிற இடம் எது?

அமெரிக்க விவசாயத் துறையில் லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷாண்ட்ஸ் என்று இரண்டு பேர். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது பயிர் வாடுகிறது என்று பார்க்க இவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன ஏனங்களில் பலவகை மண்ணைப் போட்டு விதை முளைக்க வைத்தார்கள். மண்ணிலிருந்து ஆவி போகாதபடி மேலே மெழுகு வைத்து அடைத்துவிட்டார்கள். ஆக, தண்ணீர் போவதென்றால் பயிர் குடித்துத்தான் போகவேண்டும். பயிர் திரும்பத் தெளியாதபடி வாடின உடனே மண்ணை நிறுத்துக் கணக்கெடுத்தார்கள்.

1912-ல் முடிவை வெளியிட்டார்கள். சோளமோ, கோதுமையோ, வறட்சி தாங்குகிற செடியோ, தாங்காத செடியோ, ஒரே மண்ணில் போட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஈரத்தில்தான் வாடின. ஆனால் மண் மாறினால் கணக்கே மாறியது. பெருமணலில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈரம் இருக்கிறவரைக்கும் பயிர் தாக்குப் பிடித்தது. களிமண்ணில் பதினைந்து பங்குக்கு மேலே ஈரம் இருக்கும்போதே வாடிவிட்டது.

ஆகவே, எப்போது வாடவேண்டும் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் பயிர் இல்லை, மண்தான். மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒரு அளவுக்குமேல் வேர் இழுத்தாலும் அது விடுவதில்லை.

இவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது? துகளின் சைசைப் பாருங்கள். ஒரு கிராம் மணலில் உள்ள துகள்களின் மேல்பரப்பையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு உள்ளங்கை அளவு வரும். கரிசலில் இருக்கிறது ஏடு ஏடாக அடுக்கின நுண்ணிய களி. அந்த வகைக் களியைச் சுத்தமாகப் பிரித்து ஒரு கிராம் எடுத்து, ஏடுகளையெல்லாம் விரித்தால் ஏறக்குறைய இருபது சென்ட் நிலம் வரும். ஒரு கிராமுக்கு இருபது சென்ட்! அவ்வளவு பரப்பின்மேலும் தண்ணீர் ஒரு மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தோல் மெலிய மெலிய, பிடி இறுகும்.

கணக்கை மாற்றினவர்

அதே அமெரிக்க விவசாயத் துறையில் எட்கர் பக்கிங்ஹாம் என்று ஒருவர் 1902-ல் வந்து சேர்ந்தார். அவர் விவசாயம் படித்தவர் இல்லை. பௌதிகம் படித்தவர். சில வருஷமே அங்கே இருந்தார். போன பிறகு 1907-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

அவர் செய்தது எளிமையான வேலைதான். நாலடி உயரக் குழாய்களில் மணலிலிருந்து களிவரைக்கும் ஆறுவகை மண்ணை நிரப்பினார். அடியைத் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே ஆவி போகாமல் மூடி, வாரக்கணக்கில் விட்டுவிட்டார். பிறகு மண்ணைத் துண்டு துண்டாக எடுத்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று பார்த்தார். அடியில் ஈரம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு விதமாகக் குறைந்தது. மணலில் கொஞ்ச உயரத்திலேயே ஈரம் அற்றுப்போச்சு. களியில் உச்சிவரைக்கும் ஈரம் நின்றது.

இதை வைத்து அவர் சொன்ன விஷயம் முக்கியமானது. நாலடி உயரத்தில் இருக்கிற தண்ணீரை, அது எந்த மண்ணாக இருந்தாலும், நாலடிக்குத் தகுந்த இழுவை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த உயரத்தில் மணலில் இருப்பது ஒரு துளி, களியில் இருப்பது ஒரு செம்பு. அளவு வேறே, ஆனால் பிடி ஒன்றே. ஆகையால் மண்ணில் எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பயிருக்குத் தெரிவது இரண்டாவது கேள்விதான்.

ஐந்நூறு அடிக் கிணறு

இதை நம்ம பாஷையில் சொல்கிறேன். மண் தண்ணீரைப் பிடித்திருப்பதைக் கிணற்று ஆழமாக நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து, அதிகப்படித் தண்ணீர் இறங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து மண் பதமாக இருக்கிறதே, அப்போது வேருக்குத் தண்ணீர் எடுப்பது பத்துப் பதினோரு அடிக் கிணற்றில் இறைப்பது மாதிரி. லேசான வேலை.

மண் காயக் காயக் கிணறு ஆழமாகிக்கொண்டே போகும். ஐம்பது அடி, நூறு அடி, இருநூறு அடி. கடைசியில் பயிர் வாடி விழுகிற நிலை இருக்கிறதே, அது எத்தனை அடி தெரியுமா? ஏறக்குறைய ஐந்நூறு அடி! அமெரிக்காவில் லாரன்சோ ரிச்சர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மண்ணைத் தட்டில் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிற கருவியை வைத்து 1940-களில் இதை உறுதிப்படுத்தினார். காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் பதினைந்து மடங்கு என்பது அவர் சொன்ன கணக்கு. அதை அடியாக்கினால்தான் ஐந்நூறு அடி வருகிறது.

போர் போட்டு ஐந்நூறு அடிக்குப் போனவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். வாடுகிற நேரத்தில் ஒரு சோளப்பயிரின் வேர் மோட்டார் இல்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கரிசலில் பதினைந்து கிலோ தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஐந்நூறு அடி ஆழத்தில் இருக்கிறது. தேரியில் பத்துக்கும் குறைவு, ஆனால் பத்தடிக் கிணற்றில் இருக்கிறது.

அப்படியானால் தேரிதான் உசத்தியா? இல்லைங்க. ஓரடி ஆழ மணலில் பயிருக்கு உதவுகிற தண்ணீர் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம்தான். வண்டலிலும் கரிசலிலும் ஓரடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் உண்டு. மூன்றடி ஆழத்துக்கு வேர் போகிறது என்று வையுங்கள். மணலில் இரண்டு அங்குலம், கரிசலில் ஆறு அங்குலம். வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் குடித்தால், மணல் பத்து நாள் தாங்கும், நல்லா நனைந்த கரிசல் முப்பது நாள் தாங்கும். கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துக்கொண்டு தையில் கதிர் பார்க்கிறோமே, அது இந்தக் கணக்குதான்.

ஆனால் கரிசல் முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் பயிருக்குக் கொடுக்கும். கோடையில் காய்ந்து கிடக்கிற கரிசலில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய மூன்று, நாலு அங்குல ஆழம்தான் நனையும். அதே மழை மணலில் முக்கால் அடிக்குப் போகும். அதனால்தான் சிறு தூறலுக்குச் செவல் தெளிகிறது, கரிசல் பெருமழை கேட்கிறது.

விளக்குத் திரிக் கணக்கு

இனி அந்தத் தப்புக் கணக்குக்கு வருவோம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் பிராங்க்ளின் கிங் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பெரிய மேதை. மண்ணைப் பற்றி 1895-ல் அவர் எழுதின புத்தகத்தை அந்தக் காலத்தில் எல்லாரும் படித்தார்கள். அவரும் அவர் காலத்தவர்களும் சொன்னது இது. மண்ணுக்குள் இருக்கிற சந்துகள் எல்லாம் விளக்குத் திரி மாதிரி. அடியிலிருந்து தண்ணீர் ஏறி வரும், மேலே வெயிலில் எரிந்துபோகும். ஆகவே மழை விட்டதும் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கு. திரி அறுந்துபோகும். தண்ணீர் அடியிலேயே தங்கும்.

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! தெற்கு டகோட்டாவில் ஹார்டி கேம்பல் என்பவர் இதை ஒரு சாகுபடி முறையாகவே ஆக்கி, ஊர் ஊராகப் பரப்பினார். மழை குறைந்த புல்வெளிப் பூமியில் குடியேறினவர்கள், ஒவ்வொரு மழைக்குப் பின்னாலும் நிலத்தைக் கிளறிப் புழுதியாக்கினார்கள்.

ஆனால் விளக்குத் திரிக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது. மானாவாரி நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? நிலத்தடி நீர் நாலைந்து அடியில் இருக்கிற இடத்தில் திரிக் கணக்கு சரி. அது ஐம்பது அடி, நூறு அடியில் இருந்தால் திரி எதைத் தொட்டுக்கொண்டு நிற்கும்?

இந்தச் சந்தேகத்துக்குப் பக்கிங்ஹாமே ஒரு சோதனையில் பதில் வைத்திருந்தார். இரண்டு மண்ணை எடுத்து, ஒன்றைப் பாலைவனம் மாதிரி உஷ்ணக் காற்றிலும், இன்னொன்றைக் குளிர்ச்சியான காற்றிலும் வைத்தார். உஷ்ணத்தில் இருந்த மண் முதலில் வேகமாகக் காய்ந்தது. ஆனால் கொஞ்ச நாளில் மேலே காய்ந்த ஏடு விழுந்து, அதுவே மூடியாகி, பிறகு ஆவி போவது ரொம்பக் குறைந்துவிட்டது. கடும் வெயில் தானே திரியை அறுத்துவிடுகிறது. மனுஷன் போய் அறுக்க வேண்டியதில்லை.

நம்ம நாட்டில் பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-ல் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அங்கே ரசாயன நிபுணராக இருந்தவர் ஜே. டபிள்யூ. லெதர். வறட்சிக் காலத்தில் மண்ணை ஆழம் ஆழமாக எடுத்து ஈரத்தை அளந்து 1908-ல் அறிக்கை கொடுத்தார். வெயிலுக்கு ஈரம் போனது மேலே உள்ள சில அடி மண்ணிலிருந்துதான். ஆழத்து ஈரம் ஏறி வந்து வீணாகவில்லை. இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பெர்னார்ட் கீன் என்பவரும் 1920-களில் இதே முடிவுக்கு வந்தார். நீர்மட்டத்திலிருந்து பயிருக்குப் பிரயோஜனமாக ஏறுகிற தண்ணீர் மூன்றடிக்குமேல் பெரிதாக இல்லை என்று கண்டார்.

கடைசியாகக் கலிபோர்னியாவில் வெய்மேயர் என்பவர் தொட்டிகளில் மண்ணை நிரப்பி, சிலதைப் பல ஆழங்களில் கிளறிவிட்டார், சிலதைக் கிளறாமல் விட்டார். எதிலும் களை இல்லை. 1927-ல் கணக்கு வெளிவந்தது. கிளறின மண்ணும் கிளறாத மண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரைத்தான் இழந்தன.

அப்படியானால் கொத்திவிட்ட காட்டில் பயிர் தெளிவாக இருப்பதை நாமெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறோமே, அது பொய்யா? பொய்யில்லை. கொத்தினபோது களை செத்தது. தண்ணீரைத் திருடினது வெயிலைவிடக் களைதான். வெயில் மேல் அரையடி, ஓரடிதான் வேகமாகக் காயவைக்கும். களையின் வேரோ பயிரோடு சேர்ந்து ஆழத்துக்குப் போய், அதே கிணற்றில் இன்னொரு ஏற்றம் போட்டு இறைக்கிறது.

ஆராய்ச்சி முடிவு அறிக்கையில் இருந்தது. காடுகளில் புழுதி இருந்தது. 1930-களில் அமெரிக்கப் புல்வெளிப் பூமியில் வருஷக்கணக்கில் மழை பொய்த்தது. புல்லை உழுது கோதுமை போட்ட நிலம், பயிரும் இல்லாமல் மூடாக்கும் இல்லாமல், பொடியாகக் கிடந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. மலை மாதிரி ஒரு புழுதிப் படலம் எழுந்து, பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டது. கறுப்பு ஞாயிறு என்று அந்த நாளுக்கே பெயர். வறட்சியும், புல்லை உழுததும், மண்ணைப் பொடியாக்கினதும் சேர்ந்து செய்த வேலை அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. அதே மாதம் மண் பாதுகாப்புக்கென்று அங்கே சட்டம் போட்டார்கள். ஈரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மண்ணையே பறிகொடுத்தார்கள்.

நனைகிற மண்ணும் காய்கிற மண்ணும்

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. ஒரு மண் காய்ந்துகொண்டு வரும்போது ஒரு குணம், நனைந்துகொண்டு வரும்போது வேறொரு குணம். இதை இங்கிலாந்து விஞ்ஞானி ஹெய்ன்ஸ் 1930-ல் தெளிவாக விளக்கினார்.

சுரைக்குடுவையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகல், வயிறு அகலம். மண்ணுக்குள் இருக்கிற சந்துகளும் அப்படித்தான், ஒரு இடத்தில் அகலம், ஒரு இடத்தில் குறுகல். குறுகின சந்து தண்ணீரை இறுகப் பிடிக்கும், அகலமான சந்து லேசாகத்தான் பிடிக்கும். மண் காயும்போது வயிற்றுத் தண்ணீர் வெளியே வரவேண்டுமானால் குறுகின வாயைக் காற்று உடைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். அது சுலபம் இல்லை, ஆகவே தண்ணீர் உள்ளேயே நிற்கும். மண் நனையும்போது கதை தலைகீழ். வாய்வரைக்கும் தண்ணீர் ஓடி வந்துவிடும். அகலமான வயிற்றுக்கு இழுக்கிற சக்தி குறைவு, ஆகவே வாசலிலேயே தயங்கி நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் வழிவிடாது.

இதனால் என்ன? கிணற்று ஆழம் ஒன்றாகவே இருந்தாலும், காய்ந்துகொண்டு வருகிற மண்ணில் தண்ணீர் அதிகம் இருக்கும், நனைந்துகொண்டு வருகிற மண்ணில் குறைவாக இருக்கும். மண் நேற்று எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து இன்றைக்கு நடந்துகொள்கிறது.

இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. மழை விட்டதும் மேல்மண் தண்ணீரைக் கீழே இறக்கும். மேல்மண் விட மனசில்லாமல் விடுகிறது, கீழ்மண் வாங்கத் தயங்கி வாங்குகிறது. அதனால் வேர் இருக்கிற இடத்திலேயே தண்ணீர் கொஞ்ச நாள் கூடத் தங்கும். இது லாபம். நஷ்டம் என்னவென்றால், எலும்பாகக் காய்ந்த மண் சில சமயம் முதல் மழையைச் சட்டென்று வாங்காது. மேலே ஓடவிட்டுவிடும். வாய்க்காலில் கலங்கல் ஓடுவதைப் பார்த்து நல்ல மழை என்று சந்தோஷப்படுகிறோம். நம்ம காட்டில் இரண்டு அங்குலம்கூட நனைந்திருக்காது.

கரிசலுக்குத் தனி நியாயம்

கிளறுவதால் ஈரம் நிற்காது என்று சொன்னேன். கரிசலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது வெடிப்பு விடும். கால் நுழைகிற அகலத்தில், இரண்டடி மூன்றடி ஆழத்துக்குப் போகிற வெடிப்பு நீங்கள் பார்க்காததா? அந்த வெடிப்பு வழியாக வெயிலும் காற்றும் ஆழத்துக்குப் போய்ப் பக்கவாட்டு மண்ணையும் காயவைக்கும், வேரையும் அறுக்கும். தொட்டியிலும் குழாயிலும் பார்த்தவர்களுக்கு இந்த வெடிப்பு தெரியாது.

நம்ம நாட்டில் இதைக் காட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை 1901-லேயே ஆரம்பித்தது. பிறகு 1930-களில் சோலாப்பூர், பீஜப்பூர், ராய்ச்சூர், ரோட்டக், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹகரி ஆகிய இடங்களில் மானாவாரி ஆராய்ச்சி நடந்தது. வரப்புப் போட்டு மழையை நிறுத்துவது, விதையைக் குறைத்து இடைவெளி விட்டு விதைப்பது, ஊடே உழுது களையை ஒழித்து வெடிப்பை மூடுவது, இவைதான் அங்கே சொன்ன வழிகள். உரமும் நல்ல ரகமும் சேராத அந்தக் காலத்தில் இதனால் மகசூல் பெரிதாக ஏறிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மழைத் தண்ணீர் முதலில் மண்ணுக்குள் இறங்க வேண்டும், பிறகுதான் மற்றது என்ற பாடம் அங்கே நிலைத்தது.

நம்ம காட்டில் என்ன செய்யலாம்?

ஒன்று, விதைக்கும் முன்னே நனைந்த ஆழத்தைப் பாருங்கள். அரை அங்குலக் கனத்தில் மழுங்கின இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கையால் அழுத்துங்கள். நனைந்த மண்ணில் இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நிற்கும். மழை, மண்ணைப் பாதிப் பாதியாக நனைப்பதில்லை. மேல் ஏட்டை முழுசாக நனைத்துவிட்டுத்தான் அடுத்த ஏட்டுக்குப் போகும். நாலு விரல் ஆழம் நனைந்த கரிசலில் விதைத்தால் முளைக்கும். முளைத்த பிறகு, அடுத்த மழை தள்ளிப்போனால், விதை, கூலி, உழவு எல்லாம் போச்சு.

இரண்டு, கோடை உழவை விடவேண்டாம். மழைக்கு முன்னே சரிவுக்குக் குறுக்கே உழுவது, மழை உள்ளே இறங்குவதற்காக. மழைக்குப் பின்னே மண்ணை மாவாக்குவது வேறே காரியம். முன்னது தேவை, பின்னது செலவு. கட்டி கட்டியாகக் கிடக்கிற உழவு, பொடியான உழவைவிடத் தண்ணீரை நன்றாக வாங்கும், காற்றிலும் பறக்காது.

மூன்று, ஒரு அங்குல மழை என்றால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அது வெளியே ஓடினால் யாருக்கு லாபம்? சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்பு கட்டிப் பாத்தியாகத் தடுத்து வைத்தால், தயங்கி வாங்குகிற காய்ந்த மண்ணுக்கு அவகாசம் கிடைக்கும்.

நாலு, களையைச் சின்னதிலேயே எடுங்கள். களை பூத்த பிறகு எடுப்பது, திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது மாதிரி. செவலிலும் மணலிலும் களை இல்லாவிட்டால் கொத்துக்கூலி மிச்சம். கரிசலில் களை இல்லாவிட்டாலும், மயிரிழை வெடிப்பு தெரிந்தவுடனே லேசாக ஊடுழவு ஓட்டி மூடிவிடுங்கள்.

ஐந்து, தட்டை, சருகு, கடலைத்தோல், எது கிடைத்தாலும் வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போடுங்கள். மழை விட்ட முதல் சில நாளில்தான் ஆவி வேகமாகப் போகும். மூடாக்கு அப்போதுதான் உதவும். மணல் பாங்கான நிலத்துக்குத் தொழுவுரம், மக்கின தென்னை நார்க்கழிவு, குளத்து வண்டல் இவற்றை வருஷா வருஷம் கொஞ்சமாவது சேருங்கள். மணலின் பிடியை இவை கூட்டும்.

பெருமக்களே, கடைசியாக ஒன்று. விஞ்ஞானிகள் நாற்பது வருஷம் அலைந்து பிரித்த அந்த இரண்டு கேள்விக்கும் நம்மிடம் முன்னாலேயே இரண்டு வார்த்தை இருக்கிறது. ஒன்று ஈரம், இன்னொன்று பதம். "ஈரம் இருக்கு, ஆனா பதம் இல்லை" என்று காட்டைப் பார்த்துச் சொல்லுகிற பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஈரம் என்பது எவ்வளவு தண்ணீர் என்பது. பதம் என்பது மண் அதை எப்படிப் பிடித்திருக்கிறது என்பது. அடுத்த மழைக்கு விதைப்பெட்டியைத் தூக்குமுன்னே, குனிந்து அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியும். பதத்தைக் கைதான் சொல்லவேண்டும்.